குளிர்தான் என்று விட்டுவிடாதீர்கள்: அடிபட்டவருக்கு இரண்டாம் நாள் வரும் ஆபத்துகள்

"டாக்டர், பையன் என்னை அத்தைன்னு கூப்பிடறான்."

இரவு பதினொன்றரை மணி இருக்கும். ஐசியூ வாசலில் ஸ்வெட்டருக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்ற ஒரு தாய் என்னிடம் சொன்னது இது. முதல் நாள் மாலை கோத்தகிரி – மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் பைக் சறுக்கி, அவருடைய 19 வயது மகனுக்கு வலது தொடை எலும்பு முறிந்திருந்தது. தலையில் அடி இல்லை, ஸ்கேனிலும் ஒன்றும் இல்லை. அன்று காலைகூட இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, பைக்குக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் ஆபரேஷன் என்று முடிவாகியிருந்தது. எங்கள் கணக்கில் அந்த வார்டில் கவலை இல்லாத நோயாளி அவன்தான்.

அதற்கு ஒரு மணி நேரம் முன்பு நர்ஸ் போன் செய்திருந்தார். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, 91 காட்டுகிறது என்றார். "விரல் குளிர்ந்திருக்கும் சிஸ்டர், கையைத் தேய்த்துச் சூடாக்கிட்டு வேற விரல்ல மாட்டிப் பாருங்க" என்றேன். மாட்டினார், 93 வந்தது. சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பதில் நாக்கு நுனியிலேயே இருக்கும். அதில் உண்மையும் உண்டு. குளிரில் விரல் நுனிக்கு ரத்தம் குறைவாக வந்தால் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் தப்பாகக் காட்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடலோரத்தில் கிடைக்கிற ஆக்ஸிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கு அழுத்தம்தான் இங்கே கிடைக்கும். நல்ல உடம்புக்காரருக்கே 95, 96 என்றுதான் ஓடும். அதனால் எண் கொஞ்சம் இறங்கினால் குளிர் என்போம், இன்னும் இறங்கினால் உயரம் என்போம். நேற்று 96 இருந்தவனுக்கு இன்று ஏன் 91 என்று கேட்க மறந்துவிடுவோம். ஒரே ஆளுக்கு, ஒரே கட்டிலில், ஒரே நாளில் உயரம் கூடிவிடாதே.

அந்த அம்மா சொன்னதும் உள்ளே போய்ப் பார்த்தேன். நிமிடத்துக்கு 32 முறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். நாடி 128. எந்த ஊர் என்று கேட்டால் பதில் வர நேரமாகிறது. வந்தாலும் சம்பந்தமில்லாமல் வருகிறது. சட்டையை விலக்கிக் கையைத் தூக்கச் சொல்லி, சிஸ்டர் செல்போன் டார்ச்சை அடித்தார். அக்குளில் ஊசி முனையால் குத்தி வைத்ததுபோல் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள். விரலால் அழுத்தினால் மறையவில்லை. கழுத்தடியிலும் இருந்தன. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன், அங்கே இரண்டு மூன்று.

இதற்குப் பெயர் ஃபேட் எம்பாலிசம். தொடை எலும்பு போன்ற நீள எலும்பு முறியும்போது, உள்ளே மஜ்ஜையில் இருக்கும் கொழுப்புத் துளிகள் கிழிந்த ரத்தக்குழாய் வழியாக உள்ளே புகுந்து நுரையீரலுக்குப் போய்விடும். பெரும்பாலானவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வெகு சிலருக்கு அந்தத் துளிகள் நுண்ணிய குழாய்களை அடைத்துவிடும். அப்புறம் அந்தக் கொழுப்பு சிதைந்து அமிலமாக மாறி, நுரையீரலையே புண்ணாக்கும். கொஞ்சம் தாண்டி மூளைக்கும் தோலுக்கும் போகும். இது நடக்க நேரம் பிடிப்பதால்தான் அடிபட்ட உடனே எதுவும் தெரிவதில்லை. பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் வெளிப்படும். மூச்சுத் திணறல், புத்தித் தடுமாற்றம், சிவப்புப் புள்ளிகள் ஆகிய மூன்றும்தான் அடையாளம். மூன்றும் சேர்ந்தே வரும் என்று காத்திருக்கக் கூடாது. புள்ளிகள் பலருக்கு வருவதே இல்லை, வந்தாலும் ஒரு நாளில் மறைந்துவிடக்கூடும். நம் மக்களின் மாநிறத் தோலில், இரவு நேர டியூப்லைட்டில் அது கண்ணில் படாமலே போகவும் வாய்ப்பு அதிகம். அக்குளையும் இமையையும் தேடிப்போய்த்தான் பார்க்க வேண்டும்.

மருத்துவத்துக்கு இது புது விஷயம் இல்லை. ரயில்வே தொழிலாளி ஒருவர் நசுங்கி இறந்தபோது, அவர் நுரையீரலில் கொழுப்புத் துளிகள் இருந்ததை ஜெர்மனியில் ஜெங்கர் 1862இல் எழுதி வைத்தார். தொடை எலும்பு முறிந்து உயிரோடு இருந்த ஒரு நோயாளியிடமே இதை அடையாளம் கண்டவர் பெர்க்மன், 1873இல். இன்றைக்கும் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் இதை உறுதி செய்துவிட முடியாது. தலை சிடி ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். எம்ஆர்ஐ எடுத்தால், இருட்டு வானத்தில் நட்சத்திரம் இறைத்ததுபோல் மூளை முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆனால் எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று யோசிப்பதற்கே முதலில் யாராவது சந்தேகப்பட்டாக வேண்டும். அன்று சந்தேகப்பட்டது நானோ சிஸ்டரோ இல்லை. அந்த அம்மா.

இதற்கென்று தனி மருந்து கிடையாது. ஆக்ஸிஜன், தேவைப்பட்டால் வென்டிலேட்டர், ரத்த ஓட்டத்தைக் குறையாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். தாங்கிப் பிடித்துவிட்டால் பெரும்பாலானவர்கள் தேறி வந்துவிடுவார்கள். அந்தப் பையன் ஐந்து நாள் வென்டிலேட்டரில் இருந்தான். ஆறாம் நாள் குழாயை எடுத்த பிறகு, கட்டிப்போன குரலில் அவன் முதலில் கூப்பிட்டது "அம்மா" என்றுதான்.

தடுக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓரளவு முடியும். முறிந்த எலும்பு எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு கொழுப்பு உள்ளே போகும். சீக்கிரம் அசையாமல் கட்டுவதும், நோயாளி தாங்கும் நிலையில் இருந்தால் சீக்கிரம் ஆபரேஷன் செய்து எலும்பை நிலைநிறுத்துவதும் ஆபத்தைக் குறைக்கும். நம் ஊரில் இது இன்னும் முக்கியம். ஊட்டியிலிருந்து கோவைக்குச் சுமார் 85 கிலோமீட்டர், அதில் பாதி வளைவுகள். மறுபக்கம் மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஸ்பிளிண்ட், அதாவது எலும்பை அசையாமல் பிடிக்கும் பலகை, சரியாகக் கட்டாத தொடையோடு ஒருவரை வண்டியில் ஏற்றினால், ஒவ்வொரு வளைவிலும் அந்த எலும்பு முனைகள் உள்ளே உரசிக்கொண்டே வரும். பக்கத்து வீட்டு ஜீப்பில் பின்சீட்டில் மடக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். 108 வரும் வரை காலை நீட்டி, இரண்டு பக்கமும் பலகையோ சுருட்டிய கம்பளியோ வைத்து, மற்றக் காலோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

இன்னொன்று, இது உடன் போகும் மருத்துவப் பணியாளர்களுக்கு. மலையிறங்க இறங்க சாச்சுரேஷன் தானாகவே ஏறும். பர்லியாறு தாண்டும்போது 91 இருந்தது 95 ஆகிவிடும், எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். நுரையீரல் சரியானதால் ஏறிய எண்ணா, காற்று கனத்ததால் ஏறியதா என்று மூச்சு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

48 மணி நேரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய நல்ல திட்டம். ஆனால் "48 மணி நேரம் தாண்டிட்டா பயமில்லைதானே சார்?" என்று உறவினர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அது செலவுக்கான கணக்கு. உடம்பு தனிக் கணக்கு வைத்திருக்கிறது.

இடது விலாவுக்கு அடியில் இருக்கும் மண்ணீரலைப் பாருங்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை வருவது அன்றாடக் காட்சி. இலை பறிக்கப் போன ஒரு அம்மாவை அது முட்டித் தள்ளியது. இடது விலாவில் சிராய்ப்பு, வலி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து, மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஆறாம் நாள் இடது தோள் வலிக்கிறது என்று தைலம் தேய்த்துக்கொண்டார். தோளில் அடியே படவில்லை! அன்று சாயங்காலம் வேர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தார். மண்ணீரலின் உறைக்குள்ளேயே கட்டி நின்ற ரத்தம், உறை கிழிந்ததும் வயிற்றுக்குள் கொட்டும். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தை அந்த ரத்தம் உறுத்தும்போது வலி தோளில் போய்த் தெரியும், இரண்டுக்கும் நரம்பு வழி ஒன்று. அடிபட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகும் இப்படி வெடிக்கும், ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் வெடிக்கும். இடது விலாவில் பலமாக அடிபட்டவருக்கு அதற்கப்புறம் தோள் வலி, தலைசுற்றல், வயிறு உப்பல் எது வந்தாலும் தைலத்தைத் தேடாமல் வண்டியைக் கூப்பிடுங்கள். அந்த அம்மா பிழைத்தார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிக்கப் வண்டி நின்றதும், அதன் டிரைவர் யோசிக்காமல் கிளம்பியதும்தான் காரணம்.

கெண்டைக்கால் விஷயத்தில் நேரம் இன்னும் குறைவு. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தால் தசை வீங்கும். தசையைச் சுற்றியுள்ள உறை விரியாது. உள்ளே அழுத்தம் ஏறி, தசைக்கே ரத்தம் போகாமல் நின்றுவிடும். ஆறு மணி நேரத்தில் தசை சாக ஆரம்பித்துவிடும். இதற்கு முதல் அடையாளம் வலிதான். ஊசி போட்டும் அடங்காத, முறிவுக்கு மீறிய வலி. கால் விரலை மெதுவாக மேலே மடக்கினாலே அலறுவார்கள். "பாதத்தில் நாடி துடிக்குதே, ஒன்றுமில்லை" என்று பலர் ஏமாந்துபோகிறார்கள். நாடி நிற்பது கடைசிக் கட்டம், அது வரை காத்திருந்தால் கால் போய்விடும். மாவுக்கட்டுப் போட்ட பிறகு இப்படி வலித்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். கட்டை உடனே வெட்டித் தளர்த்தச் சொல்லுங்கள். வென்டிலேட்டரில் மயக்க மருந்தோடு இருப்பவரால் வலிக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் கம்பளியை விலக்கி, கெண்டைக்காலைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டியது எங்கள் வேலை. குளிர் ஊரில் கம்பளிக்கு அடியில் இருப்பதை யாரும் விலக்கிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு நீண்டநாள் ஆதங்கம்.

மண்சரிவில், தடுப்புச்சுவர் வேலையில் தொடைவரை புதைந்தவரைத் தூக்கி எடுத்ததும் எழுந்து உட்கார்ந்து பேசுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். அடுத்த சில நிமிடங்கள்தான் ஆபத்து. நசுங்கிய தசையில் தேங்கியிருந்த பொட்டாசியம் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தக்கூடும். தசைச் சிதைவுப் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும். 1941இல், லண்டனில் குண்டுவீச்சில் இடிந்த வீடுகளுக்கு அடியிலிருந்து மீட்கப்பட்டவர்களைப் பார்த்து பைவாட்டர்ஸும் பீலும் இதை விவரித்தார்கள். மண்ணை எடுப்பதற்கு முன்பே, கைக்கு எட்டும் இடத்தில் ஊசி போட்டு சலைன் ஏற்ற முடிந்தால் அதுதான் நல்லது. எவ்வளவு நேரம் புதைந்திருந்தார் என்பதை யாராவது ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நினைவில் வைத்துச் சொல்லுங்கள். அப்புறம் போகும் சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் இருந்தால் அதை உடனே சொல்லுங்கள்.

இவையெல்லாம் அரிதானவை. பத்து வருடத்தில் ஒரு டாக்டர் சிலவற்றை ஒரே ஒரு முறைதான் பார்த்திருப்பார். அதனால் எங்களுக்கு எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும் பழக்கம் வருவதில்லை, மலையின் மேல் பழியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். உங்களுக்கு நோயின் பெயர் தெரிய வேண்டியதில்லை. உங்கள் ஆள் நேற்று எப்படி இருந்தார், இன்று எப்படி இருக்கிறார் என்பது எந்த மானிட்டரையும் விட உங்களுக்குத்தான் தெரியும். "ஏதோ மாதிரி இருக்கார்" என்று தோன்றினால் அதையே சொல்லுங்கள். நர்ஸிடம் சொல்லி நடக்கவில்லை என்றால் டாக்டரைக் கேளுங்கள். டாக்டர் குளிர் என்றால், "நேத்தும் இதே குளிர்தானே சார்" என்று திருப்பிக் கேளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பையனுக்குப் பிறகு எங்கள் இரவு டியூட்டி நோட்டில் ஒரு வரி சேர்த்தோம். நாடி, அழுத்தம், சாச்சுரேஷன் எல்லாம் எழுதிய பிறகு, 'வீட்டார் என்ன சொன்னார்கள்' என்று ஒரு கட்டம். பல நாள் அது காலியாக இருக்கும். போன வாரம் ஓர் இரவு, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பாட்டியின் பக்கத்தில் சிஸ்டர் எழுதியிருந்தார்: 'காலையிலிருந்து டீயே கேட்கவில்லை என்கிறார் மகள்.' உடனே ரத்தம் எடுத்து அனுப்பினோம். 135க்கு மேல் இருக்க வேண்டிய சோடியம் 118 இருந்தது.