‘குளோசர்’ ஏன் குளிர்கிறது?

இங்கிலாந்தின் ராக் குழுவான ஜாய் டிவிஷனின் இரண்டாவது ஆல்பமான ‘குளோசர்’ பற்றிப் பேச ஆரம்பித்தால், எங்கே சுற்றினாலும் பேச்சு ஒரு சொல்லில் வந்து நிற்கும்: குளிர். காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதுதான் ஒலி. அதில் குளிருக்கு என்ன வேலை? அது வரிகளில் இருக்கிறது, வாழ்க்கையில் இருக்கிறது என்பது வழக்கமான பதில். பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, 23 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சரியாக இரண்டு மாதம் கழித்து, ஜூலை 18 அன்று, ஆல்பம் கடைக்கு வந்தது. அட்டையில் இத்தாலியின் ஜெனோவா நகரக் கல்லறைத் தோட்டத்துச் சிற்பம். அந்தப் படமும் அவர் இறப்பதற்கு முன்பே தேர்வாகிவிட்டது. இவ்வளவும் தெரிந்துகொண்டு கேட்டால் எந்தப் பாட்டும் குளிரத்தான் செய்யும்.

இதில் எதுவுமே தெரியாத என் அத்தையின் காதில் ஒருநாள் ஹெட்போனை மாட்டி, ‘ஐசோலேஷன்’ பாட்டின் தொடக்கத்தை மட்டும் போட்டேன். முதலில் வருவது டிரம்ஸ். பத்து விநாடி கேட்டுவிட்டு, “குடோனுக்குள்ள யாரோ இரும்பைத் தட்டுற மாதிரி இருக்குடா” என்றார்.

குடோன் எதுவும் கிடையாது. அதுதான் வேடிக்கை. அந்த ஆல்பம் பதிவானது லண்டன் இஸ்லிங்டனில் இருந்த பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவில், 1980 மார்ச்சின் பின்பாதியில், ஏறக்குறைய இரண்டு வாரத்தில். பிங்க் ஃபிளாய்ட் குழு தங்களுக்காகக் கட்டிக்கொண்ட ஸ்டூடியோ அது. அக்காலத்து ஸ்டூடியோக்களில் எதிரொலியே எழாதபடி சுவர்களுக்கு மெத்தை போர்த்துவது வழக்கம். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் அதற்கு மேலும் ஒரு படி போகிறவர். ஒரு டிரம்மின் சத்தம் இன்னொரு டிரம்மின் மைக்கில் ஒழுகவே கூடாது என்பது அவர் பிடிவாதம். அதற்காக டிரம்மர் ஸ்டீபன் மோரிஸை ஒவ்வொரு டிரம்மாகத் தனித்தனியே வாசிக்க வைத்த கதை பிரசித்தம். இத்தனை பாடுபட்டு இடத்தின் சுவடே இல்லாத ஒலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் அதற்கு அவரே ஓர் இடத்தைச் செய்து கொடுப்பார். அத்தைக்குக் கேட்ட குடோன் அப்படிச் செய்ததுதான்.

ஓர் இடம் எவ்வளவு பெரியது என்பது காதுக்கு நேரக் கணக்காகத்தான் போய்ச் சேருகிறது. சாதாரண அறை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மில்லி விநாடிக்கு 34 சென்டிமீட்டர், ஏறத்தாழ ஓர் அடி ஸ்கேல். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 17 மில்லி விநாடி தாமதமாக வரும். 17 மீட்டர் தள்ளி இருந்தால் 100 மில்லி விநாடி. வீடு காலி செய்யும் நாளில், பீரோவும் மெத்தையும் வண்டியில் ஏறியபிறகு நம் குரலே நமக்கு அந்நியமாகக் கேட்கிறதே, அப்போது காது இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆக, ஓர் ஒலியை நகலெடுத்து, அந்த நகலைக் கொஞ்சம் தாமதப்படுத்தி மூல ஒலியோடு சேர்த்தால் போதும். காது தானாகவே ஒரு சுவரைக் கற்பனை செய்துகொள்ளும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நான் ஒரு எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் ஒரு தட்டு தட்டி, போனில் பதிந்து, கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு ஒலித் தொகுப்பு மென்பொருளில் ஏற்றினேன். அதே தட்டலை அடுத்த டிராக்கில் ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு நகர்த்தினேன்.

ஒரு மில்லி விநாடி நகர்த்தியபோது இரண்டு தட்டல் கேட்கவே இல்லை. ஒரே தட்டல், ஆனால் பைப்புக்குள் தட்டியது போல மூக்கடைத்த ஒலி. காரணம் எளிது. 500 ஹெர்ட்ஸ் அலை, அதாவது விநாடிக்கு 500 முறை அதிரும் அலை, ஒரு முறை ஏறி இறங்க 2 மில்லி விநாடி ஆகும். நகல் ஒரு மில்லி விநாடி தாமதித்தால், மூலம் ஏறும்போது நகல் இறங்கும். இரண்டும் அடித்துக்கொண்டு அந்த அதிர்வெண் காணாமல் போகும். 1500, 2500, 3500 ஹெர்ட்ஸுக்கும் அதே கதி. இடையில் இருப்பவையோ இரட்டிப்பாகும். வரைபடமாகப் போட்டால் சீப்பின் பல் மாதிரி இருக்கும்; ஒலிப் பொறியாளர்களிடையே அதற்கு ‘சீப்பு வடிகட்டி’ என்றே பெயர்.

பத்து மில்லி விநாடியைத் தாண்டியதும் தட்டல் லேசாகப் பிளந்தது. முப்பதில் தெளிவாக ‘ட-டக்’. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. டம்ளர் தட்டல் கூர்மையான ஒலி என்பதால் சீக்கிரம் பிளக்கிறது. பேச்சாக இருந்தால் 30 முதல் 50 மில்லி விநாடி வரை இரண்டும் ஒன்றாகவே ஒட்டிக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1949-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்து காட்டியது: தாமதித்து வரும் நகல் மூலத்தைவிடச் சத்தமாக இருந்தாலும்கூட, முதலில் வந்த ஒலியின் திசையையே காது நம்பும். ஆகவே பாடகரின் குரலில் ஒளிந்துகொள்ளும் தாமதம் டிரம்மில் ஒளிய முடியாது. ஹானெட் தன் வித்தையில் பெரும்பகுதியை டிரம்ஸில் காட்டியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைசியாக, நகலையே மறுபடி உள்ளே அனுப்பிப் பார்த்தேன். ஐந்து மில்லி விநாடித் தாமதம், திரும்பத் திரும்ப. டம்ளர் மறைந்து, ஒரு இரும்புக் குழாய் 200 ஹெர்ட்ஸில் ‘ணங்’ என்று ரீங்கரித்தது. விநாடிக்கு 200 முறை திரும்பி வரும் எதையும் காது ஒரு சுருதியாக எடுத்துக்கொள்கிறது. அத்தை சொன்ன இரும்பு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

நகலெடுத்துத் தாமதப்படுத்துவது 1980-க்கு வெகு முன்பே உண்டு. டேப் எதிரொலி ராக் இசையின் பழைய சரக்கு. டேப் ஓடிக்கொண்டிருக்கும், அதைத் தொட்டு நிற்கும் காந்தத் தலைகளில் ஒரு தலை பதியும், சற்றுத் தள்ளி இருக்கும் இன்னொரு தலை படிக்கும். விநாடிக்கு 38 சென்டிமீட்டர் ஓடும் டேப்பில் இரண்டு தலைக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் இருந்தால் 130 மில்லி விநாடி கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், டேப்பில் ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் உயர் அதிர்வெண்கள் கொஞ்சம் தேயும். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குமே, அப்படி. ஐந்தாவது எதிரொலி கம்பளி போர்த்திக்கொண்டு வரும்.

மான்செஸ்டருக்கு வடக்கே, பருத்தி ஆலைகளுக்குப் பேர்போன பர்ன்லி ஊரில் ஏஎம்எஸ் என்ற சிறு நிறுவனம் 1970களின் கடைசியில் டிஎம்எக்ஸ் 15-80 என்ற டிஜிட்டல் டிலே பெட்டியை, அதாவது ஒலியை எண்ணாக்கித் தாமதப்படுத்தும் பெட்டியை, செய்தது. அதை முதலில் கையில் எடுத்தவர்களில் ஹானெட்டும் ஒருவர். வேதியியல் படித்த அவருக்குக் கருவி என்றால் உயிர். அந்தப் பெட்டி மின்னலையை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 15 பிட் எண்ணாக, அதாவது 15 இலக்கமுள்ள 0, 1 வரிசையாக மாற்றி நினைவகத்தில் போடும்; கேட்ட நேரத்துக்குப் பிறகு எடுத்து மறுபடி ஒலியாக்கும். 15 பிட் என்றால் 32,768 படிகள். ஒரு பிட்டுக்கு சுமார் 6 டெசிபல் என்ற கணக்கில், மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பலத்த ஒலிக்கும் இடையே 90 டெசிபல் வரை இடம் கிடைக்கும். அந்தக் காலத்துக்கு அது ராஜபோகம்.

நினைவகம்தான் விலை. விநாடிக்கு 40,000 அளவு என்று வைத்துக்கொள்வோம்; ஒரு விநாடிக்கு 6 லட்சம் பிட் வேண்டும். அக்காலத்தில் பரவலாகக் கிடைத்த சில்லு ஒன்றில் 16,384 பிட்தான் அடங்கும். ஒரே ஒரு விநாடியைப் பிடித்து வைக்க 37 சில்லுகள்! இன்று காலை வணக்கம் என்று உறவினர் அனுப்பும் ரோஜாப்பூப் படம் இதைவிட அதிக இடம் பிடிக்கும்.

ஆனால் எண்ணாக மாறிய ஒலி தேயாது. நூறாவது எதிரொலியிலும் முதல் எதிரொலியின் பளபளப்பு அப்படியே இருக்கும். குளிருக்கான என் விடை இங்கேதான் இருக்கிறது. இயற்கையில் தூரத்திலிருந்து வரும் ஒலி எப்போதும் கொஞ்சம் மழுங்கித்தான் வரும். துணி, மரம், மனித உடல், ஏன் காற்றேகூட, உயர் அதிர்வெண்களைத்தான் முதலில் விழுங்கும். ஒலி தூரத்திலிருந்து வந்தும் மழுங்காமல் வந்தால், அங்கே துணியும் இல்லை, மரமும் இல்லை, ஆளும் இல்லை, வெறும் கல்லும் இரும்பும்தான் என்று காது முடிவுகட்டும். ஆளில்லாத கல் மண்டபம் எப்படி இருக்கும்? குளிராகத்தான் இருக்கும்.

டிலேயை வேறு முகத்திலும் இந்த ஆல்பத்தில் கேட்கலாம். பீட்டர் ஹூக் பேஸ் கிட்டாரின் மேல் தந்திகளில் மெட்டுப் போடுகிறவர்; கிட்டாரிஸ்ட் பெர்னார்ட் சம்னரின் ஆம்ப் சத்தத்தில் கீழ்த் தந்திகள் காதில் விழாததால் வந்த பழக்கம் அது. அவர் பயன்படுத்திய கோரஸ் பெடலும் அடிப்படையில் ஒரு டிலேதான். சில மில்லி விநாடித் தாமதத்தை மெல்லக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். தாமதம் கூடும்போது நகலின் சுருதி இம்மி இறங்கும், குறையும்போது இம்மி ஏறும். விலகிப்போகும் ரயிலின் ஹார்ன் இறங்குவது போல. மூலத்தோடு சேர்ந்தால் இரண்டு பேர் வாசிப்பது போன்ற அலைவு. அக்காலப் பெடல்களில் இந்த வேலையைச் செய்த சில்லு எண்ணெல்லாம் எண்ணாது. தீப்பிடித்த இடத்தில் ஆட்கள் வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கைமாற்றுவார்களே, அதேபோல நூற்றுக்கணக்கான குட்டி மின்தேக்கிகள் மின்னூட்டத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றும். கைமாறும் வேகம்தான் தாமதம்.

பெரிய ஸ்டூடியோக்கள் ரிவெர்ப் என்கிற நீண்ட முழக்கத்துக்கு அப்போது நம்பியிருந்தது ஒரு தகரத்தை. தகரம் என்று நான் செல்லமாகச் சொல்வது 2 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுத் தகடு. 1957-ல் வந்த ஜெர்மன் கருவி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய அந்தத் தகட்டை ஓரிடத்தில் ஒலியால் அதிர வைத்து, வேறோர் இடத்தில் அதிர்வைப் பிடிப்பார்கள். காற்றில் எல்லா அதிர்வெண்ணும் ஒரே வேகத்தில் போகும். வளைந்து அதிரும் தகட்டில் உயர் அதிர்வெண் வேகமாகப் போகும். அதனால் தகட்டு ரிவெர்ப் எடுத்த எடுப்பிலேயே பளீரென்று தொடங்கும்.

இந்தக் கருவிகள் மற்ற தயாரிப்பாளர்களிடமும் இருந்தன. ஹானெட்டின் தனித்தன்மை என்று எனக்குப் படுவது, எல்லோரையும் அவர் ஒரே அறையில் உட்கார வைக்கவில்லை என்பது. ‘ஹார்ட் அண்ட் சோல்’ பாட்டை ஹெட்போனில் கேளுங்கள். டிரம்ஸ் ஓர் இறுக்கமான பெட்டிக்குள். பேஸ் காதுக்குப் பக்கத்தில். கர்ட்டிஸின் குரலோ, முன்னால் நிற்க வேண்டிய பாடகரின் குரல், அடுத்த கட்டடத்திலிருந்து வருவது போல உள்ளே அமுங்கிக் கிடக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நடக்க முடியாது என்பது காதுக்குத் தெரியும். ஆனாலும் தாளம் பிசகாமல் சேர்ந்தே ஓடுகின்றன. கதவுகள் சாத்திய வீட்டில் மூன்று பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிற மாதிரி.

குழுவில் எல்லோருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. 1979-ல் வந்த முதல் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, மேடையில் தாங்கள் வாசிக்கும் முரட்டு வேகத்தை ஹானெட் உறிஞ்சிவிட்டார் என்று ஹூக்கும் சம்னரும் குறைப்பட்டார்கள். ஒரு விதத்தில் நமக்கு அது நல்லது, ஒப்பிட்டுப் பார்க்க வழி இருக்கிறது. 1980 மே 2 அன்று பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இந்தக் குழு நடத்திய கடைசிக் கச்சேரி பதிவாகி, 1981-ல் ‘ஸ்டில்’ என்ற தொகுப்பில் வெளிவந்தது. அதிலும் ‘ஐசோலேஷன்’ இருக்கிறது. அதே பாட்டு, அதே நான்கு பேர், ஒரு மாதத்துக்குச் சற்று மேலான இடைவெளி. ஓர் அறிவியல் சோதனைக்கு இதைவிட என்ன வேண்டும்? இங்கே டிரம்ஸும் பேஸும் குரலும் ஒரே சுவர்களில் மோதி, ஒன்றோடொன்று குழம்பி, கூட்டத்தின் சட்டைத் துணிகளில் மழுங்கி வருகின்றன.

அதையும் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். இந்த முறை பத்து விநாடிகூட ஆகவில்லை. “இது கல்யாண மண்டபம்” என்று சொல்லி ஹெட்போனைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.