துளை ஆபரேஷனுக்காகக் குழந்தையின் ஹெர்னியாவைத் தள்ளிப்போடாதீர்கள்

போன வாரமும் ஒரு கைக்குழந்தை. நள்ளிரவில் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது. தொடை இடுக்கில் கெட்டியாக, சிவந்துபோன வீக்கம். எப்போதிருந்து இருக்கிறது என்று கேட்டால், முதல் மாதத்திலிருந்தே. ஹெர்னியா, அதாவது குடலிறக்கம் என்று டாக்டர் ஒருவர் சொல்லியும் இருக்கிறார். "கொஞ்சம் பெரிசாகட்டும் சார், அப்போ கிழிக்காம துளை போட்டே பண்ணிக்கலாம்னு வீட்ல சொன்னாங்க."

இந்தப் பதிலை எத்தனை முறை கேட்டாலும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில், துளை ஆபரேஷனுக்குக் குழந்தை பெரிதாக வேண்டும் என்பதே தவறு. குழந்தைகளுக்கான லேப்ராஸ்கோப்பி (துளை ஆபரேஷன்) சர்ஜன்களுக்கென்று ஐபெக் என்ற சர்வதேச அமைப்பு இருக்கிறது. அதன் மாநாடுகளில் பச்சிளங்குழந்தைகளைப் பற்றியும் பேசுகிறார்கள். உணவுக்குழாய் தொடர்ச்சியில்லாமல் பிறந்த குழந்தைக்கு, மார்பைத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகவே அதை இணைத்துக் காட்டினார்கள் சர்ஜன்கள் தாம் லோபும் ஸ்டீவன் ரோத்தன்பர்க்கும். பெர்லினில், 1999இல். இன்று 3 மில்லிமீட்டர் கருவிகளை வைத்து மூன்று கிலோ குழந்தைக்கும் வேலை செய்கிறோம். வயது இதற்குத் தடையே இல்லை.

அடுத்தது, எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் நம்பிக்கை: "தானாகச் சரியாகிவிடும்." தொப்புள் ஹெர்னியா பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும், உண்மை. அதற்குக் காசு வைத்துக் கட்ட வேண்டாம், தோல்தான் புண்ணாகும். ஆனால் தொடை இடுக்கில் வரும் ஹெர்னியா வேறு. அது மூடாது. பெல்ட் கட்டினாலும் மூடாது, எண்ணெய் தேய்த்தாலும் மூடாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சரியானது தொப்புள் ஹெர்னியாவாக இருந்திருக்கும், அல்லது விதைப்பையில் நீர் கோத்திருந்திருக்கும். அதை வைத்து உங்கள் குழந்தைக்கு முடிவு எடுக்காதீர்கள். குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து முதல் வருடத்தில்தான் மிக அதிகம். நீங்கள் "பெரிசாகட்டும்" என்று காத்திருப்பது சரியாக அந்த வருடத்தில்தான். சிக்கினால் குடல் மட்டுமல்ல, ஆண் குழந்தைக்கு விதையும் கெடலாம். பெண் குழந்தைக்கு அந்த வீக்கத்துக்குள் சினைப்பையே இறங்கியிருக்கலாம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் கணக்கு வேறு. சில வாரங்கள் பொறுப்பதே நல்லது என்று நாங்களே சொல்லலாம். அதைக் குழந்தை சர்ஜனும் பச்சிளங்குழந்தை மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும், சொந்தக்காரர்கள் வேண்டாம்.

சரி, திறந்து செய்வதா, துளை வழியாகவா? கைக்குழந்தை ஹெர்னியாவுக்கு இரண்டுமே நல்ல முறைகள்தான். திறந்து செய்தால் தோல் மடிப்பில் இரண்டு சென்டிமீட்டருக்குள் ஒரு கீறல். பெண் குழந்தைக்குத் தழும்பு தெரியுமே என்று கலங்கும் அம்மாக்களே, அது ஜட்டிக்குள் மறைந்துவிடும் இடம். லேப்ராஸ்கோப்பியில் மறுபக்கத் தொடை இடுக்கிலும் வழி திறந்திருக்கிறதா என்று கேமராவில் பார்த்துக்கொள்ளலாம், அது நல்ல வசதி. எது மேல் என்று நாங்கள் இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறோம். பெரியவர்களுக்கு ஹெர்னியா ஆபரேஷனில் தாங்கலாக வைக்கும் வலை இங்கே எதிலும் வைப்பதில்லை, அதைப் பற்றி விசாரிக்கவே வேண்டாம்.

எத்தனை துளை என்று விசாரிப்பவர்கள், யார் செய்கிறார், யார் மயக்கம் கொடுக்கிறார் என்று ஏனோ விசாரிப்பதில்லை. துளை சின்னது என்பதற்காக ஆபரேஷன் சின்னதாகிவிடாது. லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கார்பன் டைஆக்சைடு வாயுவைச் செலுத்துகிறோம். பெரியவர்களுக்கு வைக்கும் அழுத்தத்தைப் பச்சிளங்குழந்தைக்கு வைத்தால் மூச்சு திணறும். உடம்புச் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். இதெல்லாம் அன்றாடம் குழந்தைகளுக்கே மயக்கம் கொடுப்பவர்களுக்கு அத்துப்படி. ஆகவே குழந்தை அறுவை நிபுணரும், குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவரும் இருக்கும் இடத்துக்குப் போங்கள், கொஞ்ச தூரமானாலும். நடுவில் திறந்து செய்ய வேண்டி வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு அது. ஒப்புதல் படிவத்தில் அதுவும் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வீக்கம் உள்ளே போகாமல் கெட்டியானால், தொட்டாலே குழந்தை வீறிட்டால், வாந்தி எடுத்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். வீட்டில் அழுத்திப் பார்க்காதீர்கள். பால் கொடுக்காமல் உடனே கிளம்புங்கள்.

அப்புறம் பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆபரேஷனுக்கு முன் தாய்ப்பாலை 4 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வோம், புட்டிப்பாலை 6 மணி நேரத்துக்கு முன்பே. பசியில் அழுவதைப் பார்க்க மனசு கேட்காதுதான். ஆனாலும் யாருக்கும் தெரியாமல் இரண்டு ஸ்பூன் புகட்டிவிடாதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள், திட்ட மாட்டோம். ஆபரேஷனைச் சில மணி நேரம் தள்ளி வைப்போம், அவ்வளவுதான்.