ஈயம் என்றால் எந்த ஈயம்?

மின்னணுப் பலகைகளில் பாகங்களைப் பற்றவைக்கும் கம்பிச் சுருளின் மேல் தமிழில் ‘ஈயமற்றது’ என்று அச்சிட்டால் அது சரியா? பரவலாகப் புழங்கும் ஒரு வகைக் கம்பியில் 96.5 சதவீதம் வெள்ளீயம், 3 சதவீதம் வெள்ளி, 0.5 சதவீதம் செம்பு இருக்கின்றன. ஆக, அது ஏறக்குறைய முழுக்க ஈயம்தான். அதில் இல்லாதது காரீயம். ‘காரீயமற்ற பற்றாசு’ என்று எழுதியிருந்தால் குழப்பமே இல்லை. (சால்டர் என்பதற்குப் பற்றாசு என்று நல்ல பழஞ்சொல் ஒன்று இருக்கிறது, நாம்தான் மறந்துவிட்டோம்.)

பிரச்சினை ‘ஈயம்’ என்ற சொல்லில் இருக்கிறது. அது இரண்டு தனிமங்களுக்குப் பொதுப்பெயர். ஒன்று வெள்ளீயம், அதாவது டின்: அணு எண் 50, குறியீடு எஸ்என். மற்றொன்று காரீயம், அதாவது லெட்: அணு எண் 82, குறியீடு பிபி. வெண்மை + ஈயம், கருமை + ஈயம் என்று பிரித்தால் பொருள் விளங்கிவிடும். வெள் என்பது தனிக்குறிலை அடுத்து வரும் ஒற்று, அதனால் உயிர் வந்ததும் இரட்டித்து வெள்ளீயம் ஆகிறது. கருமை, ஈறு போய் முதல் நீண்டு கார் ஆகிறது. நெடிலுக்குப் பின் வரும் ஒற்று இரட்டாது, ஆகவே காரீயம். சிலர் ‘வெள்ளியம்’ என்று குறிலாக எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் வெள்ளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று போலத் தோன்றும். இரண்டு பெயரிலும் வெண்மை இருக்கிறதே தவிர, வெள்ளிக்கும் வெள்ளீயத்துக்கும் வேறு உறவு இல்லை.

ஈயம் என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. ‘சீசம்’ என்ற வடசொல்லின் முதல் சகரம் உதிர்ந்து ஈயம் ஆனது என்பார்கள் ஒரு சாரார். ‘சகஸ்ர’ ஆயிரம் ஆனதை அதற்குத் துணைக்குக் காட்டுவார்கள். தமிழ் வேரிலிருந்தே பிறந்தது என்று வாதிடுவோரும் உண்டு. இந்த வழக்கு எப்படி முடிந்தாலும், வெள், கார் என்ற அடைகள் தமிழே. குழப்பத்தைத் தீர்ப்பவையும் அவைதான்.

இப்படி நிறத்தை வைத்துப் பிரித்தது நாம் மட்டுமல்ல. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, காரீயத்தைப் ‘பிளம்பம் நைக்ரம்’ என்றும் வெள்ளீயத்தைப் ‘பிளம்பம் காண்டிடம்’ என்றும் எழுதுகிறார். அதாவது கரிய பிளம்பம், வெளிறிய பிளம்பம். நம் பெயர்களின் அமைப்பும் அதேதான். பிபி என்ற குறியீடு பிளம்பத்திலிருந்து வந்தது. நீர்க்குழாய் வேலை செய்பவரை பிளம்பர் என்பதும் அதிலிருந்துதான், ஏனெனில் ரோமானியர்கள் குழாய்களைக் காரீயத்தில் செய்தார்கள். எஸ்என் என்ற குறியீடு ‘ஸ்டேனம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. பிளினி காலத்தில் அந்தச் சொல் வெள்ளியும் காரீயமும் கலந்த ஒரு கலவையைக் குறித்தது. வெள்ளீயத்துக்கு அது பெயரானது பிற்காலத்தில். ஸ்லாவிய மொழிகளில் இன்னும் வேடிக்கை: ரஷ்ய மொழியில் ‘ஓலவ’ என்றால் வெள்ளீயம், அதற்கு உறவான போலந்துச் சொல் ‘ஓவுஃப்’ காரீயத்தைக் குறிக்கிறது.

வடமொழியில் ஆதியிலேயே இரண்டுக்கும் தனிப்பெயர். யஜுர் வேதத்தில் சமகம் என்ற பகுதியில் வரும் உலோக வரிசையில் சீசமும் திரபுவும் தனித்தனியே நிற்கின்றன. முன்னது காரீயம், பின்னது வெள்ளீயம். பிற்பாடு வந்த நாகம், வங்கம் என்ற பெயர்கள்தான் தலையைச் சுற்றவைக்கின்றன. ஆயுர்வேத நூல்களில் நாகம் என்றால் காரீயம், வங்கம் என்றால் வெள்ளீயம். சித்த மருத்துவ வழக்கில் நாகம் பொதுவாகத் துத்தநாகத்தையும், வங்கம் காரீயத்தையும் குறிக்கின்றன. ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு, உள்ளே வேறு உலோகம். பழைய ஏடுகளை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

சரி, பழங்காலத்தார் ஏன் இரண்டையும் ஒரே குடும்பமாகக் கண்டார்கள்? பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டும் மென்மையானவை, சாம்பல் வெள்ளை நிறம், சாதாரண விறகுத் தீயில் உருகிவிடும். வெள்ளீயம் சுமார் 232 டிகிரி செல்சியஸிலும், காரீயம் 327.5 டிகிரியிலும் உருகுகின்றன. இரண்டையும் கலந்தால் உருகுநிலை இன்னும் இறங்குகிறது: 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த கலவை 183 டிகிரியிலேயே உருகும். பல பத்தாண்டுகள் மின்னணுத் தொழிலைத் தாங்கி நின்றது இந்தக் கலவைதான். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை நடைமுறைக்கு வந்த பிறகு காரீயம் பெரும்பாலான கருவிகளிலிருந்து வெளியேறியது. புதிய பற்றாசுக்குக் கூடுதல் சூடு வேண்டும், ஏறத்தாழ 217 டிகிரி. பழைய ஆட்கள் அதைக் குறைசொல்வதில் நியாயம் உண்டு.

கையில் எடுத்தால் வேற்றுமை உடனே தெரியும். காரீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், வெள்ளீயத்துக்கு 7.3 கிராம்தான். புதிதாக வெட்டிய காரீயம் நீலம் தோய்ந்த பளபளப்புடன் இருந்து சீக்கிரமே மங்கிவிடும். காகிதத்தில் தேய்த்தால் சாம்பல் கோடு விழும். (பென்சிலில் இருப்பது காரீயம் அல்ல. அது கிராஃபைட், கார்பனின் ஒரு வடிவம்.) வெள்ளீயம் மினுமினுப்பை எளிதில் இழக்காது. அதன் தண்டை வளைத்தால் உள்ளே படிகங்கள் நழுவி ‘கிரீச்’ என்று ஓர் ஒலி எழும். 13 டிகிரிக்குக் கீழே நீண்ட காலம் கிடந்தால் அது மெல்ல மெல்ல வேறு படிக வடிவத்துக்கு மாறிச் சாம்பல் நிறப் பொடியாக உதிரும். நெப்போலியன் படையின் பொத்தான்கள் ரஷ்யக் குளிரில் இப்படித்தான் உதிர்ந்தன என்று ஒரு கதை உலவுகிறது. கதை நன்றாக இருக்கிறது. உறுதியான ஆதாரம்தான் இல்லை.

தனிம அட்டவணையில் இரண்டும் 14ஆம் தொகுதி, ஒன்றின் கீழ் ஒன்று. ஆனால் நடத்தை வேறு. வெள்ளீயம் வெளிக்கூட்டின் நான்கு எலக்ட்ரான்களையும் கொடுத்து +4 நிலையில் நிற்க விரும்பும். காரீயம் +2 நிலையோடு நின்றுவிடப் பார்க்கும். காரணம், காரீயத்தின் கனத்த அணுக்கருவைச் சுற்றும் எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் ஓடுவதால், வெளிக்கூட்டின் இரண்டு எலக்ட்ரான்கள் உள்ளே இழுத்துப் பிடிக்கப்படுகின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியல் இல்லாமல் இதை விளக்க முடியாது. 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளாந்தே கண்டுபிடித்த, வண்டிகளைக் கிளப்பும் காரீய-அமில மின்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, அதன் சுமார் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வோல்ட் வரை சார்பியல் விளைவால் கிடைப்பது. காரீயத்துக்குப் பதில் வெள்ளீயத்தை வைத்து அதே கலத்தைச் செய்தால் வண்டி கிளம்பாது. எனக்கு இந்த இரண்டு உலோகங்களின் ஒப்பீட்டிலேயே மிகவும் பிடித்த செய்தி இது.

ஆனால் பெயரைக் கவனித்து எழுத வேண்டியதற்கு முதல் காரணம் நஞ்சு. காரீயம் உடலுக்குள் போனால் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, எலும்பில் பல ஆண்டுகள் தங்குகிறது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெயின்ட், குழாய், பெட்ரோல் என்று ஒவ்வொன்றிலிருந்தும் அதை விரட்டும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை; காரீயம் கலந்த வாகனப் பெட்ரோல் கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல்தான் நின்றது. கதிர்வீச்சுத் தடுப்பிலும் மின்கலத்திலும் அதற்கு இன்றும் வேலை உண்டு. உலோக வெள்ளீயமோ உடலில் அவ்வளவாக ஏறாது. அதனால்தான் செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உள்புறம் நவச்சாரம் என்ற உப்பைத் தூவி ஈயம் பூசினார்கள். அந்த ஈயம் வெள்ளீயமாக இருந்தால் காப்பு; காரீயம் கலந்ததாக இருந்தால் நேரெதிர். ‘ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்’ என்கிறோமே, அதில் வருவதும் வெள்ளீயமே. வெள்ளீயத்தின் எல்லாச் சேர்மங்களும் சாது என்றும் நினைத்துவிட வேண்டாம். கரிமச் சேர்மமான டிரைபியூட்டைல் டின், கப்பல் அடிப்பாகப் பூச்சில் கலக்கப்பட்டு நத்தை, சிப்பி இனங்களைப் பாழாக்கியது. பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று 2008 முதல் அதைத் தடுத்தது.

தகரம் என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். தெலுங்கின் தகரமு, கன்னடத்தின் தவர இரண்டும் வெள்ளீயத்தைக் குறிப்பவை. தமிழிலும் அந்தப் பொருள் உண்டு. பிறகு வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டுக்குப் பெயராகி, இன்று எந்த மெல்லிய இரும்புத் தகடும் தகரம் ஆகிவிட்டது. தகர டப்பாவில் வெள்ளீயப் பூச்சு இருக்கலாம். தகரக் கூரையில் இருப்பது பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு. ஆகவே தனிமத்தைச் சொல்லும்போது தகரம் வேண்டாம். ‘ஈயத்தாள்’ கதையும் இதுதான். முன்பு அது உண்மையாகவே வெள்ளீயத் தாள், இப்போது நாம் அப்படிச் சொல்லிச் சுற்றுவது அலுமினியத்தை.