நினைவாற்றல் வேறு, மறவாமை வேறு

பழைய வண்ணாரப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் தியான வகுப்புக்கு வைக்கிற பிளெக்ஸ் பலகைகளில் இப்போதெல்லாம் ‘நினைவாற்றல் தியானம்’ என்று போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் “சார், கணக்கு ஃபார்முலா மறக்காம இருக்குமா?” என்று ஓர் அம்மா கேட்டால் அவர் மேல் தப்பே இல்லை. தமிழில் நினைவாற்றல் என்றால் அதுதான். வல்லாரைக் கீரை தின்றால் வளரும் என்பார்களே, அந்தச் சரக்கு.

பலகை எழுதியவர் சொல்ல வந்தது ‘மைண்ட்ஃபுல்னஸ்’, அதாவது இந்த நொடியில் நடப்பதை விட்டு மனம் நழுவாமல் இருக்கும் பயிற்சி. கைபேசிச் செயலிகளும் வார இதழ்களின் நலவாழ்வுப் பக்கங்களும் இதே தமிழைத்தான் திருப்பித் திருப்பிப் போடுகின்றன.

மூலச்சொல் பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் ‘சதி’, வடமொழியில் ‘ஸ்மிருதி’. நினைத்தல் என்ற பொருளுள்ள வேர். 1881-இல் ஆங்கிலேய பாலி அறிஞர் ரைஸ் டேவிட்ஸ் பௌத்த சூத்திரங்களை ஆங்கிலமாக்கியபோது இதற்கு ‘மைண்ட்ஃபுல்னஸ்’ என்று வைத்தார். 1979-இல் ஜான் கபட்-சின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் மன அழுத்தம் குறைக்கும் பயிற்சியாக அதை எடுத்துக்கொண்டார். அப்புறம் அது உலகம் முழுக்கப் போய், நம் தெருவுக்கும் வந்துவிட்டது.

வேர்ப்பொருள் நினைவுதானே, நினைவாற்றலில் என்ன குற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். நெடுநாள் முன்பு செய்ததையும் சொன்னதையும் நினைவுகூர்தல் என்று சதிக்கு விளக்கம் தரும் சூத்திரமும் பாலியில் இருக்கிறது. ஆனால் தியானம் என்று வரும்போது சட்டம் பேசுவது, சதியைப் பழகும் முறை சொல்லும் சதிபட்டான சூத்திரம். உடல், நுகர்வு (இன்ப துன்ப உணர்ச்சி), சித்தம், தம்மங்கள் (மனத்தில் தோன்றுபவை) என்ற நான்கின் மேல் சதியை நிறுத்தச் சொல்கிறது அது. நீளமாக மூச்சை இழுக்கும்போது நீளமாக இழுக்கிறேன் என்று அறிகிறான் துறவி. இதில் பழசை எடுத்துப் பார்க்கும் வேலை எங்கே இருக்கிறது? எடுத்துக்கொண்ட ஒன்றை இந்த நொடியில் கைநழுவ விடாமல் இருப்பதுதான் வேலை. புத்தர் இதற்கு ஒரு கதையே சொல்கிறார். ஊரே திரண்டு ஒரு பேரழகியின் ஆட்டம் பார்க்கிறது. விளிம்பு வரை எண்ணெய் நிறைந்த கிண்ணத்தோடு ஒருவன் அந்தக் கூட்டத்தின் நடுவே நடக்க வேண்டும். ஒரு துளி சிந்தினாலும் தலையை வெட்டப் பின்னால் வாளோடு ஒரு ஆள். கிண்ணக்காரனிடம் உனக்கு நினைவாற்றல் எப்படி என்று கேட்டால் சிரிப்பான். ஆற்றல் என்பது ஒருவரிடம் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் சொத்து. சதியோ செய்துகொண்டே இருக்க வேண்டிய செயல்.

சரி, பாலிச் சொல்லையே வைத்துக்கொள்ளலாமே என்றால், தமிழில் ‘சதி’ என்றதும் யாரோ யாரையோ கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்றுதான் காதில் விழும். கடன் சொற்களின் பாடு இதுதான். திருவொற்றியூரில் சமாதி எங்கே என்று கேளுங்கள், பட்டினத்தார் அடங்கிய இடத்துக்கு வழி சொல்வார்கள். பதஞ்சலி சொன்ன யோகத்தின் எட்டாம் அங்கமான சமாதிக்கு அல்ல. தியானம் மட்டும் பொருள் மாறாமல் தப்பித்தது, அதை அப்படியே விடலாம். எல்லா வடசொல்லையும் துரத்த வேண்டும் என்கிற கட்சி இல்லை நான்.

‘மனநிறைவு’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆங்கிலச் சொல்லில் ‘ஃபுல்’ கேட்டதும் நிறைத்துவிட்டார்கள் போல. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

‘விழிப்புணர்வு’ கொஞ்சம் பரவாயில்லை. அதில் இரண்டு சிக்கல். ஒன்று, அந்தச் சொல்லை டெங்குவுக்கும் தலைக்கவசத்துக்கும் பேரணி நடத்தியே தேய்த்துவிட்டோம். விழிப்புணர்வு என்றால் யாரோ நமக்கு நோட்டீஸ் கொடுக்க வருகிறார் என்று பொருள் ஆகிவிட்டது. இரண்டாவதுதான் பெரியது. சூத்திரம் திரும்பத் திரும்பச் சொல்லும் வாய்பாட்டில் சதி தனியாக வருவதில்லை, ‘சம்பஜானோ சதிமா’ என்று ஜோடியாக வருகிறது. சம்பஜஞ்ஞம் என்றால் செய்வதைத் தெளிந்து அறிதல். விழிப்புணர்வைச் சதிக்குக் கொடுத்துவிட்டால் பக்கத்தில் நிற்பதற்கு எதைக் கொடுப்பது? இந்த இடம் வந்ததும் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக்கி நகர்ந்துவிடுகிறார்கள்.

என் கணக்கில் சரியான சொல் மறவாமை. புதிதாகப் படைத்ததும் இல்லை. பழைய இலக்கண உரையான இறையனார் களவியல் உரை ‘கடைப்பிடி’ என்ற குணத்துக்கு ‘கொண்ட பொருள் மறவாமை’ என்று பொருள் சொல்கிறது. சதிக்கு இதைவிடச் சுருக்கமாக இலக்கணம் எழுத முடியாது. காரைக்கால் அம்மையார் பிறவாமை கேட்டுவிட்டு, பிறந்தே தீர வேண்டும் என்றால் ‘உன்னை என்றும் மறவாமை வேண்டும்’ என்று கேட்டதாகப் பாடுகிறார் சேக்கிழார். அம்மையார் கேட்டது ஞாபகசக்தியா? வள்ளுவர் பொச்சாவாமைக்கு, அதாவது மறவாமைக்கு, ஓர் அதிகாரமே ஒதுக்கி, ‘உள்ளியது எய்தல் எளிதுமன் மற்றுந்தான் உள்ளியது உள்ளப் பெறின்’ என்று முடிக்கிறார். நினைத்ததை நினைத்துக்கொண்டே இருக்க முடிந்தால் அடைவது எளிது என்கிறார். அந்த ‘பெறின்’ இருக்கிறதே, கஷ்டம் முழுக்க அதில்தான்.

எதிர்மறைச் சொல்லாக இருக்கிறதே என்று ஓர் ஆட்சேபம் வரும். கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை எல்லாம் எதிர்மறைதான், தமிழ் அறத்தில் பாதி அந்த ஈற்றில் நிற்கிறது. தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரமான ‘அப்பமாதம்’ (அசட்டையின்மை) கூட எதிர்மறைச் சொல்லே.

இந்து நூல்களிலும் இதே சொல் பொருந்தும். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், சினம் மயக்கம் தரும், மயக்கத்தால் ஸ்மிருதி குலையும், அதனால் புத்தி அழியும் என்கிறான் கண்ணன். பதினெட்டாவதில் ‘மயக்கம் ஒழிந்தது, ஸ்மிருதி கிடைத்தது’ என்கிறான் அர்ஜுனன். இங்கே நினைவாற்றலைப் போட்டால் குருட்சேத்திரத்தில் அவனுக்கு மறதி நோய் குணமான கதையாகிவிடும். பிரம்மசூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யம் என்ற உரையில் இராமானுசர் தியானம் என்பதற்கே எண்ணெய் ஒழுக்கு போல் அறுபடாத ஸ்மிருதி என்றுதான் பொருள் சொல்கிறார்.

என் ஆதங்கம் ஒரு சொல்லோடு நிற்பதில்லை. பாலியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனதை, ஆங்கில அகராதியில் தேடித் தமிழாக்குகிறார்கள். மூலமோ பக்கத்து வீட்டு மொழி. மணிமேகலையின் கடைசிக் காதையில் சாத்தனார் பன்னிரண்டு நிதானங்களை, அதாவது பிறவிச் சங்கிலியின் காரணக் கண்ணிகளை, பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று அடுக்கிக்கொண்டு போகிறார். பவம் ஒன்றைத்தான் அப்படியே விட்டார். ஒவ்வொன்றும் அந்தந்தக் கருத்தின் வேலையைப் பார்த்து வைத்த பெயர். இன்ப துன்ப உணர்ச்சி எல்லாவற்றையும் குறிக்கும் வேதனை என்ற பாலிச் சொல்லை நுகர்வு ஆக்கினார் பாருங்கள். இன்றைக்கு ஒருவர் அதை அப்படியே ‘வேதனை’ என்று எழுதி, இன்பமும் வேதனையில் ஒரு வகை என்று வாசகரைத் திணறவைப்பார்.

கடைப்பிடி என்பதையே மீட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். எனக்கும் ஆசைதான். ஆனால் இப்போது அதை விரதத்துக்கும் இரண்டு நிமிட மௌனத்துக்கும் கொடுத்துவிட்டோம். உரையாசிரியர் வாயிலிருந்தே மறவாமை கிடைத்திருக்கும்போது, அதைப் பலகையில் எழுதக் கூடுதல் செலவு ஒன்றும் ஆகாது.