புயல் படத்தில் கோட்டைக் கடைசியாகப் பாருங்கள்

புயலே வராத ஊரில் உட்கார்ந்துகொண்டு புயல் பார்ப்பதுதான் என் வேலை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சரக்குக் கப்பல்களுக்கு எந்த வழியில் போனால் கடல் தொந்தரவு குறைவு என்று சொல்லும் வழித்தட ஆலோசனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு திரையில் பிலிப்பைன்ஸ் பக்கத்து டைஃபூன் ஓடும், இன்னொன்றில் வங்காள விரிகுடா. ஆகஸ்ட், செப்டம்பரில் அட்லாண்டிக்கின் ஹரிக்கேன்களும் சேர்ந்துகொள்ளும். வட்டாரத்துக்கு ஒரு பெயர், சங்கதி ஒன்றுதான்.

அக்டோபர் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் அலுவலகத்துக்கு வெளியேயும் கேள்விகள் ஆரம்பமாகிவிடும். தேக்காவில் காய்கறி வாங்கப் போனால்கூட விடாது. "அண்ணே, இது கடலூருக்கா நெல்லூருக்கா?" கேட்பவர் கைப்பேசியில் ஏற்கெனவே ஒரு படம் வைத்திருப்பார். வங்கக் கடலில் தொடங்கும் ஒரு சிவப்புக் கோடு, அதன் நுனி ஏதோ ஓர் ஊரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அது தன் ஊர் இல்லை என்றால் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்குப் பயமே அந்த நிம்மதியைப் பார்த்துத்தான்.

2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயலின் கோடு ஆந்திராவுக்குத்தான் போனது. புயலும் சொன்னபடியே 5ஆம் தேதி பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முந்தைய நாளே சென்னை தண்ணீரில் நின்றுவிட்டது. மையம் சென்னையிலிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளிக் கடலில்தான் இருந்தது. அங்கே அது வேகம் குறைந்து தயங்கி நின்ற நேரம் முழுக்க மழைப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரத்தின் மேல் வந்துகொண்டே இருந்தன. விமான நிலையத்தையே மூடினார்கள், இங்கே சாங்கி விமான நிலையத்தில் பெட்டியோடு காத்திருந்தவர்கள் பலர். பாதைக் கணிப்பு ஒன்றும் தவறவில்லை. கோடு தொடாத ஊருக்கு ஆபத்து இல்லை என்று நாம் படித்ததுதான் தவறு.

அந்தக் கோட்டைச் சுற்றி, போகப் போக அகலமாகும் வெளிர் நிறக் கூம்பு ஒன்று இருக்கும். பலர் அதைப் புயலின் உருவம் என்றே நினைக்கிறார்கள். அது புயலின் அளவே இல்லை. மையம் எங்கே இருக்கக்கூடும் என்பதற்கான எல்லை மட்டும்தான். அமெரிக்காவின் தேசிய ஹரிக்கேன் மையம் இதை எப்படிப் போடுகிறது என்றால், கடந்த 5 ஆண்டுக் கணிப்புகள் எவ்வளவு விலகின என்று பார்த்து, மூன்றில் இரண்டு பங்கு சந்தர்ப்பங்கள் உள்ளே அடங்குகிற மாதிரி வட்டங்கள் போட்டு அவற்றை இணைக்கிறது. அதாவது மூன்றில் ஒரு முறை மையமே கூம்புக்கு வெளியே போகலாம், அதற்கு இடம் விட்டுத்தான் வரைகிறார்கள். காற்றும் மழையும் மையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவும் என்பது தனிக் கணக்கு, அது கூம்பில் இல்லவே இல்லை.

கப்பல்காரர்கள் இதை எப்படிக் கையாள்கிறார்கள் என்று சொன்னால் விளங்கும். 1-2-3 விதி என்று ஒன்று உண்டு. 24 மணி நேரக் கணிப்புக்கு 100 கடல் மைல், 48க்கு 200, 72க்கு 300. இந்தப் பிழை எல்லையோடு 34 நாட் காற்று, அதாவது மணிக்கு 34 கடல் மைல் வேகக் காற்று, எவ்வளவு தூரம் வீசுகிறதோ அதையும் கூட்டி ஒரு வட்டம் போடுவோம், அந்த வட்டத்துக்குள் கப்பல் போகக் கூடாது. ஒரு புயலின் 34 நாட் காற்று 120 கடல் மைல் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்கான வட்டத்தின் ஆரம் 420 கடல் மைல், கிட்டத்தட்ட 780 கி.மீ. சென்னையை நடுவில் வைத்து இதை வரைந்தால் விசாகப்பட்டினமும் உள்ளே வரும், கன்னியாகுமரியும் உள்ளே வரும். மூன்று நாள் முன்னால் "கடலூருக்கா நெல்லூருக்கா" என்று என்னிடம் கேட்டால் நான் ஏன் விழிக்கிறேன் என்று இப்போது புரியும்.

விதி கொஞ்சம் பழசு, இன்றைய கணிப்புகள் அதைவிடத் துல்லியம். 1970களில் அட்லாண்டிக்கில் மூன்று நாள் முன்கணிப்பு சராசரியாக 600 கி.மீ.க்கு மேல் விலகும், இன்று 200 கி.மீ.க்குள் வந்துவிட்டது. ஆனாலும் மாலுமிகள் பழைய விதியைக் கைவிடவில்லை. கடலில் திரும்பி ஓட நேரம் வேண்டுமே.

சரி, பாதையை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? புயல் தன் விருப்பப்படி நடப்பதில்லை. ஆற்றோடு அடித்துச் செல்லப்படும் நீர்ச்சுழி மாதிரி, சுற்றியிருக்கும் காற்றோட்டம் அதை இழுத்துக்கொண்டு போகிறது. ஆகவே நாங்கள் புயலைவிட, அதைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் காற்று எப்படிப் போகிறது என்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம். வடக்கே ஒரு உயர் அழுத்த மண்டலம் உறுதியாக உட்கார்ந்திருந்தால் புயல் அதன் தெற்கு விளிம்பைப் பிடித்து மேற்கே வரும், தமிழகக் கரை. அந்த மண்டலம் உடைந்தாலோ விலகினாலோ வடக்கே ஏறி, பிறகு வடகிழக்கே வளைந்து வங்கதேசமோ மியன்மாரோ போகும். 2008இல் நர்கிஸ் முதலில் வடமேற்காக இந்தியக் கரையைப் பார்த்துத்தான் நகர்ந்தது. நடுக்கடலில் கிழக்கே திரும்பி ஐராவதி டெல்டாவில் ஏறியது, ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

எங்களுக்குத் தலைவலி தருவது எந்தப் பக்கமும் இழுக்காத நேரம். இழுக்கும் காற்று இல்லையென்றால் புயல் அப்படியே நிற்கும். 2017இல் டெக்சாஸில் ஹார்வி நின்றது, ஓர் இடத்தில் 1,500 மி.மீ.க்கு மேல் கொட்டியது. 2020இல் புரெவி மன்னார் வளைகுடாவில் நகராமல் கிடந்து வலுவிழந்தது, ஆனால் கடலூர் மாவட்டம் மிதந்தது, சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர். செய்தியில் "வலுவிழந்தது" என்று வந்ததும் ஊருக்குப் பேசுவதை நிறுத்திவிட்டவர்கள் என் நட்பு வட்டத்திலேயே இருந்தார்கள். வலுவிழப்பது காற்று. மழைக்கு அந்தக் கணக்குக் கிடையாது.

இன்னொரு சங்கடம், வங்கக் கடலில் புயலைத் தொட்டுப் பார்க்க நமக்கு வழி குறைவு. அமெரிக்காவில் விமானத்தையே புயலுக்குள் ஓட்டுகிறார்கள். 1943இலேயே ஆரம்பித்துவிட்டார்கள். விமானத்திலிருந்து சிறு கருவிகளைக் கீழே போட்டால் அவை விழுந்துகொண்டே அழுத்தத்தையும் காற்றையும் அளந்து அனுப்பும். நம் பக்கம் அப்படி வாடிக்கையான விமானம் கிடையாது. பெரும்பாலும் செயற்கைக்கோள் படத்தில் மேகம் சுருண்டிருக்கும் விதத்தைப் பார்த்து வேகத்தை மதிப்பிடுகிறோம், 1970களில் வெர்னான் டுவோராக் வகுத்த முறை. நடுவில் 'கண்' என்ற துளை தெளிவாகத் தெரியும் புயலுக்கு அது நன்றாக வேலை செய்யும். வெறும் தாழ்வு மண்டலமாக இருக்கும்போது மையம் எங்கே என்பதிலேயே இரண்டு நிபுணர்களுக்கு ஒத்துவராது. தொடங்கும் இடமே தெரியாத ஒன்றுக்குப் பத்து நாள் முன்னதாகக் கரை கடக்கும் ஊரை அறிவிக்கும் காணொளிகள் வருகின்றன பாருங்கள், அவற்றுக்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை.

அந்தக் காணொளிகளில் வருவது பெரும்பாலும் வானிலையைக் கணக்கிடும் ஒரு கணினி மாதிரியின் ஒரே ஓட்டம். ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் ஒரே நேரத்தில் 51 ஓட்டங்கள் ஓட்டுகிறது. தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி ஓட்டும்போது கோடுகள் நெருக்கமாக வந்தால் நம்பிக்கை கூடும், விசிறி மாதிரிப் பிரிந்தால் இன்னும் யாருக்கும் தெரியாது என்று பொருள். விசிறியிலிருந்து பயங்கரமான ஒரு கோட்டை மட்டும் உருவிப் போட்டால் பார்வைகள் குவியும், அவ்வளவுதான்.

செயற்கை நுண்ணறிவு இதை மாற்றுகிறதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். மாற்றத்தான் செய்கிறது. 2023இல் கூகுள் டீப்மைண்டின் கிராஃப்காஸ்ட், லீ என்ற ஹரிக்கேன் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கரை ஏறும் என்பதை ஒன்பது நாள் முன்பே காட்டியது. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய மையமே தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. பாதைக்கு நான் அவற்றைத் தினமும் பார்க்கிறேன். காற்றின் வேகத்துக்கு இல்லை. பழைய தரவுகளில் புயலின் நடுப்பகுதி மங்கலாகத்தான் பதிவாகியிருக்கிறது, அதில் பயின்ற மாதிரியும் புயலைச் சாதுவாகவே காட்டும்.

வேகம் விஷயத்தில் எல்லோருக்குமே தடுமாற்றம்தான். 2023 அக்டோபரில் ஓட்டிஸ் ஒரு சாதாரண வெப்பமண்டலப் புயலாக மெக்சிகோவை நெருங்கியது. சுமார் 24 மணி நேரத்தில் உச்சமான ஐந்தாம் வகைக்கு ஏறி அக்காபுல்கோவில் இறங்கியது, முக்கியமான மாதிரிகள் கோட்டை விட்டன. நமக்கு ஒக்கி. 2017 நவம்பர் 30 காலையில் அதற்குப் புயல் என்ற தகுதி வந்தபோது அது கன்னியாகுமரிக்குப் பக்கத்திலேயே நின்றது. ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பல நாள் முன்பே போயிருந்தார்கள், எச்சரிக்கை அவர்களை எட்ட வழியே இல்லை.

இங்கே இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று நேரம். புயல் படங்களில் உலகப் பொது நேரம் போட்டிருக்கும். அதில் பூஜ்ய மணி என்றால் சிங்கப்பூரில் காலை 8 மணி, ஊரில் காலை 5.30. இந்திய வானிலைத் துறை "காலை 8.30 மணி நிலவரப்படி" என்று அறிவித்தால் நமக்கு அது 11 மணி. காலை நிலவரத்தை வைத்து ஓடும் மாதிரியின் முடிவு நம் கைக்கு வரப் பிற்பகல் ஆகிவிடும். அது வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி இரவு சாப்பாட்டு நேரத்துக்கு உங்களிடம் வருகிறது. நீங்கள் 'இப்போதைய நிலை' என்று பார்ப்பது பன்னிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய கடல்.

இது சின்ன விஷயம் இல்லை. 2015 அக்டோபர் 1 அன்று எல் ஃபாரோ என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஹோவாக்கின் ஹரிக்கேனுக்குள் போய் மூழ்கியது, 33 பேரும் இறந்தார்கள். கடலடியிலிருந்து எடுத்த ஒலிப்பதிவில் தெரிந்தது, கப்பல் தலைவர் நம்பியிருந்த வானிலைப் படம் பல மணி நேரம் பழையது. இரவுப் பணியில் இருந்த அதிகாரிகள் புதிய தகவலைக் கேட்டுவிட்டு, தெற்கே திருப்பலாமா என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் மனம் பழைய படத்திலேயே இருந்தது. எங்கள் துறையில் புதிதாகச் சேர்பவர்களிடம் இந்த விசாரணை அறிக்கையைத்தான் நான் முதலில் கொடுப்பேன். படத்தை யார் அனுப்பினாலும் முதலில் ஓரத்தில் உள்ள தேதி, மணி. அது வெட்டப்பட்டிருந்தால் அந்தப் படத்தை விட்டுவிடுங்கள்.

வேக எண்ணும் அப்படித்தான். இந்தியா காற்று வேகத்தின் மூன்று நிமிடச் சராசரியைச் சொல்லும், அமெரிக்கர்கள் ஒரு நிமிடம், ஜப்பான் பத்து நிமிடம். ஒரே புயலுக்கு மூன்று எண் வருவதில் சதி ஒன்றும் இல்லை.

புயலே வராத ஊர் என்று ஆரம்பித்தேன், அதிலும் ஒரு திருத்தம் உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டிப் பூமியின் சுழற்சி விசை மிகக் குறைவு, அதனால் காற்று சுருள்வது அபூர்வம். ஆனால் 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்ற புயல், நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கிலேயே உருவாகி, நம்மிடமிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி மலேசியாவின் ஜொகூரில் கரை கடந்தது. 2025 நவம்பரில் சென்யார் மலாக்கா நீரிணைக்குள்ளேயே புயலானது, சுமத்ராவின் வடபகுதியைப் புரட்டிப்போட்டது. வாய்ப்பு குறைவு என்பதும் வாய்ப்பே இல்லை என்பதும் வேறு வேறு.

அப்புறம், ஊருக்குப் போன் செய்யும்போது என்ன கேட்பது? கோடு எங்கே என்பதை விட்டுவிட்டு, இந்திய வானிலைத் துறை உங்கள் மாவட்டத்துக்கு என்ன நிறம் போட்டிருக்கிறது என்று பாருங்கள், மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா. அதில் மழையும் சேர்ந்திருக்கும். "புயல் கரை கடந்துவிட்டது" என்ற செய்தி வந்தபின் அடுத்த இரண்டு நாள் இன்னும் கவனமாக இருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை ஏறி, பல மணி நேரம் அங்கேயே நின்று ஊரை மூழ்கடித்தது. பிறகு மெதுவாக உள்ளே போனது. கடலிலிருந்து எவ்வளவோ தள்ளியிருக்கும் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை. திருவண்ணாமலையில் மலைச்சரிவு. அந்தத் தண்ணீரெல்லாம் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணை நிரம்பித் திறக்கப்பட்டு, புயல் போய்விட்டது என்று வீட்டைக் கழுவிக்கொண்டிருந்த விழுப்புரம், கடலூர்க்காரர்களிடமே திரும்பி வந்தது. ஆற்றோரத்தில் வீடு இருப்பவர்கள் அந்த இரண்டு நாளும் பார்க்க வேண்டியது அணையில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்ற அறிவிப்பை.