மெட்ரோவில் இடைவெளிக்கு மட்டும் ஏன் 'தி'?

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 25 வருடமாக ஆங்கிலத்தில் நோட்டிங்கும் டிராஃப்டும் எழுதிக்கொண்டிருப்பவர். மேலே அனுப்பிய டிராஃப்ட் ஒவ்வொன்றும் எங்காவது ஒரு 'தி' சேர்க்கப்பட்டோ அடிக்கப்பட்டோ சிவப்பு மையோடுதான் திரும்பி வருகிறதாம். "ஆபீஸை விடுங்க சார், தினமும் புளூ லைனில் போகிறேன். 'தி நெக்ஸ்ட் ஸ்டேஷன் இஸ் ராஜீவ் சௌக். டோர்ஸ் வில் ஓப்பன் ஆன் தி ரைட். ப்ளீஸ் மைண்ட் தி கேப்.' ஸ்டேஷனுக்கு 'தி' இருக்கு, கதவுக்கு இல்லை, அதுவரை யாருமே பேசாத இடைவெளிக்கு இருக்கு. முதல் தடவை சொன்னா 'ஏ', இரண்டாம் தடவை 'தி'ன்னுதானே படிச்சோம்?"

நல்ல கேள்வி. 'ஏ', 'ஆன்' தகராறை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆங்கில ஸ்பெல்லிங்கைப் பார்க்காமல், சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', இல்லாவிட்டால் 'ஏ'. யூனிவர்சிட்டி 'யூ'வில் தொடங்குகிறது, ஆகவே 'ஏ'. ஹவரை யாரும் 'ஹ' போட்டுச் சொல்வதில்லை, 'அவர்' என்கிறோம், ஆகவே 'ஆன்'. எம்.பி., எஃப்.ஐ.ஆர். இரண்டுக்கும் 'ஆன்'. நம்மில் பலர் 'எம்'மை 'யெம்' என்று சொல்லிப் பழகியவர்கள், அங்கே காதை நம்பாமல் எழுத்தை நம்புங்கள். 'ஒன் வே' என்று நாம் எழுதுவதை ஆங்கிலேயர் 'வன்' என்பதால் அங்கே எழுத்தை நம்பாமல் காதை நம்புங்கள். ஓர் ஊர், ஒரு வீடு என்று எழுதத் தெரிந்தவர்களுக்கு இது புதிதே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்றால் ஒன்று. மெய்யொலிக்கு முன்னால் 'ன்' தேய்ந்து போய்த்தான் 'ஏ' வந்தது. அந்த 'ன்' எந்தப் பக்கம் சேர்ந்தது என்று தெரியாமல் மக்கள் குழம்பியதும் உண்டு. சமையலறையில் இடுப்பில் கட்டும் ஏப்ரன் ஒரு காலத்தில் 'நேப்ரன்'தான், 'ஏ நேப்ரன்' என்பதை 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டதில் 'ந' போய்விட்டது. நம் நாரத்தைக்குச் சொந்தக்கார சொல்லான 'நாரங்' மேற்கே பயணம் போய் ஆரஞ்சு ஆனதிலும் இந்த மாதிரி ஒரு களவு நடந்திருக்கிறது, ஆனால் அது ஆங்கிலத்துக்கு வருவதற்கு முன்பே, பிரெஞ்சு, இத்தாலியப் பக்கத்திலேயே முடிந்துவிட்டது.

சரி, 'தி'. பழைய ஆங்கிலத்தின் 'அந்த'வாக இருந்து தேய்ந்த சொல். 1961இல் அமெரிக்காவில் அச்சான எழுத்துகளிலிருந்து சுமார் 10 லட்சம் சொற்களை பிரவுன் பல்கலைக்கழகத்தில் திரட்டி எண்ணியபோது கிட்டத்தட்ட 7 சதவீதம் 'தி'யாகவே இருந்தது. இவ்வளவு புழங்கும் ஒரு சொல் என்ன வேலை செய்கிறது என்று 1905இல் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு பதில் சொன்னார்: அப்படிப்பட்டது ஒன்று உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு. 'நெக்ஸ்ட் ஸ்டேஷன்' இதில் அழகாகப் பொருந்தும், அடுத்த ஸ்டேஷன் ஒன்றுதானே இருக்க முடியும். ஃபர்ஸ்ட், லாஸ்ட், பெஸ்ட் எல்லாவற்றுக்கும் 'தி' ஒட்டிக்கொள்வது இதனால்தான். ஆனால் டெல்லியில் லட்சக்கணக்கான கதவுகள் இருக்க, 'ஷட் தி டோர்' என்று சொன்னால் எதைச் சாத்த வேண்டும் என்று யாரும் விழிப்பதில்லையே?

எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் 1982இல் வந்தது. ஐரீன் ஹைம் என்ற மொழியியலாளர் தம் முனைவர் பட்ட ஆய்வில் சொன்னது. கேட்பவர் மனதில் ஒரு கார்டு பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், கணினி வருவதற்கு முன் நூலகத்தில் இழுத்துப் பார்ப்போமே, அந்த மாதிரி. 'ஏ' என்று நான் சொன்னால், புதுக் கார்டு ஒன்றை எடுத்து எழுதத் தொடங்குங்கள் என்று அர்த்தம். 'தி' என்றால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கார்டைத் தேடி எடுங்கள். பள்ளியில் சொன்ன முதல் தடவை, இரண்டாம் தடவை விதி இதன் ஒரு சின்ன மூலை மட்டுமே. கார்டு பெட்டிக்குள் வர நான் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஒரு கார்டு வரும்போது குடும்பத்தோடு வரும். கல்யாணம் என்ற கார்டைப் போட்டால் பந்தி, பாயசம், தாலி, மண்டபம் எல்லாம் கூடவே உள்ளே வந்துவிடுகின்றன. "நேத்து ஒரு கல்யாணத்துக்குப் போனேன், பாயசம் தீர்ந்துபோச்சு" என்றால் நீங்கள் 'எந்தப் பாயசம்?' என்று கேட்க மாட்டீர்கள்.

யாருடைய கல்யாணம் என்பதைப் பொறுத்து இந்தக் குடும்பம் மாறும். டெல்லிக்கு வந்த புதிதில் ஒரு பஞ்சாபி நண்பர் தன் அண்ணன் கல்யாணத்தைப் பற்றிச் சொல்லும்போது, எடுத்த எடுப்பிலேயே 'தி ஹார்ஸ் கேம் லேட்' என்றார். எந்தக் குதிரை? இவர்கள் வீட்டில் குதிரை வளர்க்கிறார்களா? எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளை குதிரைமேல் வராத கல்யாணம் என்று ஒன்று இருக்க முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை, அவர் கார்டில் குதிரை அச்சடித்தே வந்தது. அவருடைய ஆங்கிலத்தில் பிழை ஒன்றும் கிடையாது, என் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவர் போட்ட கணக்குதான் தப்பு. 'தி' என்பதே எதிராளியின் மனதைப் பற்றிய ஒரு யூகம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மெட்ரோ இடைவெளிக்கும் இதே கதைதான். ரயில், பிளாட்ஃபாரம் என்ற கார்டுகள் இருந்தாலே அவற்றுக்கு நடுவிலுள்ள சந்தும் பெட்டிக்குள் வந்துவிடும்.

நம் மொழியில் ஆர்ட்டிகிள் இல்லாததால் நமக்கு இது வராது என்று ஒரு பேச்சு உண்டு, அதைவிட மோசமாக, ஆர்ட்டிகிள் இல்லாத மொழிக்காரர்களுக்குத் துல்லியமாக யோசிக்கவே வராது என்றுகூடச் சிலர் நினைக்கிறார்கள். எலுமிச்சம்பழத்தை வண்டிச் சக்கரத்தில் நசுக்குவதற்குச் சமமான நம்பிக்கை இது. நியூட்டன் 1687இல் ஈர்ப்பு விதியை எழுதி வெளியிட்டது லத்தீனில்; லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. தமிழிலோ இந்த வேலையில் ஒரு பங்கை இரண்டாம் வேற்றுமை உருபான 'ஐ' சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. 11 மாத அக்ரிமென்ட் முடிந்து அலைந்த கதையை ஊரிலிருக்கும் அம்மாவிடம் போனில் சொல்கிறீர்கள். "வீடு பார்த்தோம்மா" என்றால் அம்மா "கிடைச்சுதா?" என்பார். "வீட்டைப் பார்த்தோம்மா" என்றால் "எப்படி இருக்கு?" என்பார், ஏனென்றால் எந்த வீடு என்று அவருக்கு முன்பே தெரியும். "ஒரு வீட்டைப் பார்த்தோம்மா" என்றால் "எங்கே?" என்று கேட்பார். மூன்றுக்கும் மூன்று கேள்வி! பெண் பார்க்கப் போவதும் பெண்ணைப் பார்க்கப் போவதும் ஒன்றில்லை என்பதும் நமக்குத் தெரியும். பள்ளியில் இதை இரண்டாம் வேற்றுமைத் தொகை, 'ஐ' மறைந்து வந்துள்ளது என்று குறித்துக்கொண்டு மதிப்பெண் வாங்கினோம், எப்போது மறைகிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தியின் 'கோ'வும் ஏறக்குறைய இப்படித்தான்.

ஆக, 'ஒரு' இல்லாமல் 'ஐ' மட்டும் இயல்பாக வந்து உட்காரும் இடத்தில் பெரும்பாலும் 'தி' வரும். அஃறிணையில்தான் இந்தச் சோதனை நன்றாக வேலை செய்யும், ஆட்களுக்கு அநேகமாக எப்போதும் 'ஐ' வந்துவிடுகிறது. அதோடு செயப்படுபொருளுக்கு மட்டும். 'ஒரு வீட்டை' என்னும்போது கவனம் தேவை, எந்த வீடு என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. ஆங்கிலம் அம்மாவின் பெட்டியை மட்டும்தான் பார்க்கும், ஆகவே 'ஏ'. 'ஐ ஆம் லுக்கிங் ஃபார் ஏ ஹவுஸ்' என்றால் ஏதோ ஒரு வீடா, மனதில் வைத்திருக்கும் குறிப்பிட்ட வீடா என்று ஆங்கிலத்தில் பிடிபடாது. ஒரு வீடு தேடுகிறேன், ஒரு வீட்டைத் தேடுகிறேன் என்று தமிழ் பிரித்துச் சொல்லிவிடுகிறது. எந்த மொழி மூத்தது என்று நிரூபிக்கச் செலவாகும் பணத்தில் ஒரு துளியை எடுத்து, கடைத்தெருவில் ஜனங்கள் பேசுவதைப் பதிவு செய்து இந்த 'ஐ'யை ஆராய்ந்தால் என்ன என்று எனக்கு ஒரு நெடுநாள் ஆதங்கம்.

ஊர்ப்பெயர் விவகாரத்தில் மட்டும் கார்டு பெட்டி அவ்வளவாக உதவாது. யமுனைக்கு 'தி' உண்டு, டெல்லிக்கு இல்லை. ரெட் ஃபோர்ட்டுக்கு உண்டு, இந்தியா கேட்டுக்குக் கிடையாது. ஆறு, கடல், மலைத்தொடருக்கு 'தி' என்பதுவரை விதி, மீதி மனப்பாடம்.

கதவை மறக்கவில்லை. மெட்ரோவின் கதவுகளும் ரயிலோடு சேர்ந்து பெட்டிக்குள் வந்தவைதான், முறைப்படி 'தி டோர்ஸ்' என்று வர வேண்டும். பத்திரிகைத் தலைப்பிலும் அந்தக் காலத் தந்தியிலும் ஆர்ட்டிகிளைக் கத்தரிப்பதுபோல அறிவிப்புகளிலும் கத்தரிப்பது வழக்கம், அந்தச் சலுகையில் தப்பித்த கதவு அது. வாசகரின் மேலதிகாரி கையில் அந்த டிராஃப்ட் கிடைத்திருந்தால் சிவப்பு மையில் ஒன்று சேர்ந்திருக்கும், அந்த ஒருமுறை அவர் செய்தது சரியாகவும் இருந்திருக்கும்.