தலை சுற்றினால் முதலில் தேட வேண்டியது ஊசி அல்ல

ஒரு பெரியவருக்குக் காலை ஆறு மணிக்குத் தலைசுற்றல் தொடங்கியிருக்கிறது. வாந்தி, எழுந்து நிற்க முடியவில்லை. பதினோரு மணிக்கு ஆட்டோவில் வைத்து என்னிடம் கூட்டி வந்தார்கள். "பித்தம் தலைக்கேறிடுச்சு டாக்டர், நாலு ஊசி போட்டு விடுங்க" என்றார் மகன். அப்பாவுக்கு நாக்குக் குழறியது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். பிடித்துக்கொள்ளாமல் உட்கார வைத்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்தார். நான் என் அக்குபஞ்சர் ஊசிப் பெட்டியைத் திறக்கவில்லை, 108-ஐ அழைத்தேன். சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, அதாவது பக்கவாதம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் முழுவதும் எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பார்ப்பதிலும் அக்கம்பக்கத்து யோசனையிலும் போயிருந்தது. பக்கவாதத்தில் விழுங்கும் திறனே கெட்டுப்போகலாம். அப்போது வாயில் ஊற்றும் எதுவும் நுரையீரலுக்குள் போகலாம்.

இப்படி வந்தவர் இவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இயற்கை மருத்துவமும் யோகாவும் படித்த மருத்துவர். அக்குபஞ்சர் என் அன்றாட வேலை. ஊசியைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. ஆனால் எந்தத் தலைசுற்றல் என்று தெரியாமல் ஊசியை எடுப்பவரையும், தெரிந்துகொள்ளாமல் ஊசிக்குப் படுப்பவரையும் பார்த்துச் சலித்துவிட்டது.

எப்போது சுற்றுகிறது, எவ்வளவு நேரம் சுற்றுகிறது? இந்த இரண்டுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். படுக்கையில் புரண்டதும் அறையே சுழன்று ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால், பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் சிக்கல். எழுந்து நின்றதும் கண் இருட்டினால் ரத்த அழுத்தத்தைப் படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து மறுபடியும் பார்க்க வேண்டும். மேல் எண் 20 புள்ளி இறங்கினால் காரணம் பிரஷர் மாத்திரையின் அளவாக இருக்கலாம், நீரிழப்பாகவோ ரத்த இழப்பாகவோ இருக்கலாம். காது அடைத்து, இரைச்சலோடு மணிக்கணக்கில் சுற்றினால் மெனியர் என்ற உள்காது நோயை நினைக்க வேண்டும். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்குத் தலை வலிக்காமலேயே சுற்றல் மட்டும் வருவதுண்டு. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு விரதம் இருப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் எங்குமே கழுத்து எலும்பு வரவில்லை, கவனித்தீர்களா?

என்னிடம் வருபவர்களில் பலர் கையில் எக்ஸ்ரேயோடுதான் வருகிறார்கள். "கழுத்து எலும்பு தேஞ்சு நரம்பை அழுத்துதாம், அதான் சுத்துது." ஐம்பது வயதைத் தாண்டிய யாருடைய கழுத்தைப் படம் எடுத்தாலும் பெரும்பாலும் தேய்மானம் தெரியும். வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தலை சுற்றாதவருக்கும் தெரியும். கழுத்துத் தேய்மானம் நரம்பை அழுத்தினால் கை வலிக்கும், விரல் மரத்துப்போகும். அறையைச் சுழல வைப்பது அதன் வேலை இல்லை.

"பரணைப் பார்த்து நிமிர்ந்தா சுத்துது, கொடியில துணி எடுத்தா சுத்துது, அப்போ கழுத்துதானே?" என்பார்கள். நிமிரும்போது கழுத்து மட்டுமா அசைகிறது? தலையும்தான் சாய்கிறது, தலைக்குள் இருக்கும் காதும் சாய்கிறது. கழுத்தைத் திருப்பாமல் உடம்பை மரக்கட்டைபோல மொத்தமாக ஒரு பக்கம் புரட்டிப் பாருங்கள். அப்போதும் சுற்றினால் கழுத்தின் மேல் என்ன குற்றம்? இவ்வளவு சொன்ன பிறகும் "இருந்தாலும் கழுத்துல ரெண்டு ஊசி" என்பவர்கள் உண்டு. கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு தலையை அசைக்கவே பயப்படுபவர்களும் உண்டு. அசையாத தலையை வைத்துக்கொண்டு மூளை எப்படிச் சமநிலையை மீட்டுக்கொள்ளும்?

கழுத்தால் உண்மையாகவே ஆபத்து வரும் இடம் ஒன்று உண்டு: சலூனில் முடி வெட்டியதும் கழுத்தை வெடுக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் அதில் கிழியலாம். தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

காதுக்கு வருவோம். உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்கள், தமக்குள் இருக்கும் திரவத்தின் அசைவை வைத்துத் தலை சுழல்வதை உணர்கின்றன. பக்கத்து அறையில் ஒட்டியிருக்க வேண்டிய நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் பெயர்ந்து இந்தக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் பொய்யான சுழற்சி. வயது, தலையில் அடி, நீண்ட நாள் படுக்கை என்று பல காரணங்கள். நோயாளியைக் குறிப்பிட்ட கோணத்தில் சட்டென்று படுக்க வைத்துக் கருவிழி துடிப்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும். 1952-இல் விவரிக்கப்பட்ட டிக்ஸ்–ஹால்பைக் சோதனை அது. ஸ்கேன் தேவையில்லை. அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி 1992-இல் வெளியிட்ட முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பினால் படிகங்கள் பழைய இடத்துக்கே போய்விடும். பெரும்பாலோருக்கு ஓரிரு முறையில் சரியாகிறது. சில நிமிட வேலை! இதைச் செய்யாமல் ஒரு பாட்டியை வாரக்கணக்கில் ஊசிக்கு வரவழைப்பதை என்னவென்று சொல்வது? ஊசி எந்தப் படிகத்தையும் நகர்த்தாது. பலருக்கு இது சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும், பெயர் மட்டும் ஊசிக்குப் போகும். வீடியோவைப் பார்த்து நீங்களாகவே தலையைத் திருப்பவும் வேண்டாம். எந்தக் காது, எந்தக் குழாய் என்பதை முதல் தடவை மருத்துவர் பார்க்கட்டும்.

அப்படியானால் ஊசி எதற்கு? குமட்டலுக்கு. மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் அகலம் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே நெய்குவான் புள்ளி இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் குமட்டலை அது குறைப்பதை நிறைய ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. விரலால் அழுத்தியும் பார்க்கலாம். எப்ளி முறை முடிந்த பிறகும் சிலருக்குச் சில நாள் தள்ளாட்டம் மிஞ்சும், பயத்தில் கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கும். அங்கே ஊசி நன்றாக உதவுவதை என் நோயாளிகளிடம் பார்க்கிறேன். மெனியர் நோய்க்கு உலக சுகாதார நிறுவனமே அக்குபஞ்சரை ஒப்புக்கொண்டது என்று பலகை வைத்திருப்பவர்கள், 2003 அறிக்கை அதை மேலும் சான்று தேவைப்படும் பட்டியலில்தான் வைத்தது என்பதையும் சேர்த்து எழுதட்டும்.

ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் கேளுங்கள். வெறும் வயிற்றோடு வராதீர்கள். உட்கார்ந்தபடி போட்டுக்கொள்ளாதீர்கள், ஊசியாலேயே மயக்கம் வரலாம். உறை உங்கள் கண் முன்னால் பிரிக்கப்பட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ கர்ப்பமாக இருந்தாலோ முதலிலேயே சொல்லுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் மின் இணைப்புள்ள ஊசி கூடாது. பிடரியில் மண்டையோட்டுக்குக் கீழே உள்ள ஃபெங்சி புள்ளிக்கு உள்ளே, ஆழத்தில் மூளையின் அடிப்பகுதியான முகுளமும் ரத்தக்குழாயும் இருக்கின்றன. அங்கே குத்துபவர் உடற்கூறு படித்தவரா என்று தயங்காமல் கேளுங்கள்.

பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை எல்லாம் நிறுத்தினால்தான் சிகிச்சை என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அதேபோல, தலைசுற்றலுக்காகச் சில நாளுக்கு எழுதிக் கொடுத்த புரோகுளோர்பெரசின் மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடாதீர்கள். கை நடுக்கமும் உடல் விறைப்பும் வரலாம்.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகம் கோணல், கை கால் பலவீனம், நடக்கவே முடியாத தள்ளாட்டம், திடீர்க் கடும் தலைவலி அல்லது கழுத்துவலி, இதில் ஒன்று தலைசுற்றலோடு சேர்ந்தாலும் என்னிடம் வராதீர்கள். எந்தக் கிளினிக்குக்கும் போகாதீர்கள். 108, நேரே பெரிய ஆஸ்பத்திரி. விடாமல் மணிக்கணக்கில் சுற்றினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இரவில் பாத்ரூம் விளக்கு எரியட்டும். படுக்கை விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பிறகு எழச் சொல்லுங்கள். ஸ்டூல் போட்டு ஏற விடாதீர்கள், சுற்றல் அடங்கும்வரை வண்டிச் சாவியையும் கொடுக்காதீர்கள். மருத்துவரிடம் வரும்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு கொண்டு வாருங்கள். வந்து வந்து போகும் சுற்றலாக இருந்தால், சுற்றிக்கொண்டிருக்கும்போதே கண்களை மட்டும் கிட்டத்தில் ஒரு நிமிடம் செல்போனில் படம் பிடியுங்கள். கருவிழி எந்தப் பக்கம் துடிக்கிறது என்று பார்த்தால் எங்களுக்கு வழி தெரியும்.